மூக்கை அளந்த துரைகள்

இந்த முறை வந்த அஞ்சலட்டைகளில் பெரும்பாலானவை 'இனம்' பற்றியவை. நம் காஞ்சிபுரத்துக் கருடசேவைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கே: இனம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? ஒரே வரியில் சொல்லவும். (கல்லூரி மாணவி, ஏனாத்தூர்)

ப: உடம்பில் தேடினால் கிடைக்காது, அரசாங்கப் படிவத்தில் தேடினால் உடனே கிடைக்கும்.

கே: என் தோழிக்குச் சொன்ன பதில் புரியவில்லை. (அவளுடைய அறைத்தோழி)

ப: ஒரு வரி கேட்டால் இப்படித்தான். 1972-ல் ரிச்சர்ட் லெவோன்டின் என்ற மரபியல் அறிஞர், ரத்தப் பிரிவுகளையும் புரதங்களையும் வைத்து உலக மக்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனிதர்களுக்குள் உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இனம், இனம் என்று நாம் பிரித்து வைத்திருப்பவற்றுக்கு இடையே மிஞ்சுவது ஆறேழு சதவீதம்தான். இது உடம்பு சமாசாரம்.

படிவ சமாசாரம் வேறு. ஒரு விஷயம் பொய்யாகவே இருந்தாலும், அது மெய் என்று எல்லோரும் நம்பி நடந்தால், விளைவு மெய்யாகிவிடும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர்கள் வில்லியம் தாமஸும் டோரதி தாமஸும் 1928-லேயே எழுதிவிட்டார்கள். புளியமரத்துப் பேய் இல்லைதான். அதற்குப் பயந்து சுற்றுவழியில் போகிறவனுக்குக் கால் வலிப்பது பொய்யா?

கே: வெள்ளைக்காரர்கள் நம் ஆட்களின் மூக்கை அளந்தார்கள் என்கிறான் என் பேரன். கதை விடுகிறானா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலிமேடு)

ப: பேரன் சொன்னது அத்தனையும் உண்மை, ஐயா. கணக்கு வாத்தியார் என்றால் உங்களுக்கே பிடிக்கும். மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 70-க்குக் கீழே வந்தால் கூரிய மூக்கு. 70-லிருந்து 85 வரை நடுத்தரம். அதற்கு மேலே போனால் சப்பை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி இந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூக்கு அகல அகல அந்தச் சாதியின் அந்தஸ்து இறங்கும் என்பது அவருடைய சூத்திரம். அதாவது சாதி என்பதே இனத்தின் அடுக்கு, கூரிய மூக்கர்கள் மேலே, சப்பை மூக்கர்கள் கீழே. ஒரு சாதியில் சில பேரைப் பிடித்து அளந்து சராசரி போட்டு, அதை லட்சக்கணக்கானவர்களின் நெற்றியில் ஒட்டினார். எட்டாம் வகுப்புப் பையன் இப்படி ஒரு கணக்குப் போட்டுவந்தால் நீங்கள் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

நம் பக்கத்து வேலையைப் பார்த்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். காலிப்பரும் அளவு நாடாவுமாக ஊர் ஊராக, மலை மலையாகப் போனார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் அவர் கொண்டுவந்த ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் அகர வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊர்க் கைக்கோளரும் உண்டு, சாலியரும் உண்டு.

அந்தத் தொகுதிகளில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. வயநாட்டில் பணியர் குலப் பெண்கள் துரையைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். தங்களில் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயம். அப்படி மட்டும் முடிந்தால் எவ்வளவு வசதி என்று துரையும் வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்கள் விஷயம் தெரியாமல் ஓடினார்கள் என்பது அவர் எண்ணம். எனக்கென்னவோ அவர்கள் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ஓடினார்கள் என்று படுகிறது.

கே: எனக்குச் சப்பை மூக்கு. என்ன செய்யலாம்? (பட்டுக்கடை விற்பனையாளர், காந்தி ரோடு)

ப: மூச்சு விடலாம்.

கே: அந்த அளவுகளால் ஒருவருக்காவது நன்மை விளைந்ததா? (நூலகர், காஞ்சிபுரம்)

ப: விளைந்தது, அளந்தவர்கள் எதிர்பார்க்காத இடத்தில். 1948-ல் 'தீண்டத்தகாதோர்' பற்றி எழுதிய அம்பேத்கர், அந்த மூக்குக் கணக்கையே மேசையில் விரித்து வைத்தார். சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே 1932-ல் 'இந்தியாவில் சாதியும் இனமும்' என்ற நூலில் ஏற்கெனவே அதை அலசியிருந்தார். அம்பேத்கர் கேட்டது வழக்கறிஞர் கேள்வி: உங்கள் அட்டவணைப்படியே பார்த்தால் பிராமணருக்கும் தீண்டத்தகாதவருக்கும் மூக்கில் வேறுபாடு இல்லையே, பிறகு தீண்டாமை இனத்திலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒருவர் ஆரியர் என்றால் மற்றவரும் ஆரியர், ஒருவர் திராவிடர் என்றால் மற்றவரும் திராவிடர் என்று முடித்தார். சென்னை மாகாணத்துப் பிராமணரும் பறையரும் ஒரே இனம் என்று 1936-லேயே, 'சாதி ஒழிப்பு' உரையில், சொல்லிவிட்டவர் அவர். எதிராளியின் சாட்சியைக் கூண்டில் ஏற்றித் தன் பக்கம் பேச வைப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

கே: அண்ணா பிறந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் கேட்கிறேன். திராவிடர் என்பது இனமா, இல்லையா? மழுப்பாமல் சொல்லவும். (நெசவாளர், பிள்ளையார்பாளையம்)

ப: மழுப்பவில்லை. ஆனால் ஒரு வரிக்குள் அடங்காது.

ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் 'திராவிட' என்று ஒரு நாட்டைக் குறிப்பிட்டார். அதன் தலைநகர் வேறெதுவும் இல்லை, நம் காஞ்சிதான். வெயில் அதிகம், மக்கள் துணிச்சல்காரர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று எழுதிக்கொண்டார். யார் மூக்கையும் அளக்கவில்லை. 1816-ல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல என்று காட்டினார். 1856-ல் பாதிரியார் கால்டுவெல் அந்த மொழிக் குடும்பத்தைத் 'திராவிடம்' என்ற பெயரில் நிலைநிறுத்தினார். இவ்வளவும் மொழி ஆராய்ச்சி, இன்றுவரை அசையாமல் நிற்கிறது. மொழியிலிருந்து ரத்தத்துக்குத் தாவியதில்தான் கால் இடறியது. ஆரியம் பற்றி ஊரெல்லாம் பேச வைத்த மாக்ஸ் முல்லரே 1888-ல், ஆரிய ரத்தம், ஆரிய மண்டையோடு என்று பேசுகிறவர்களைக் கேலி செய்தார். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

பிறகு இதே ஊரில் நடந்ததைப் பாருங்கள். 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாகாண மாநாடு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்ட பெரியாரின் தீர்மானம் ஏற்கப்படவில்லை. அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார். அவர் கேட்டது உத்தியோகக் கணக்கு. எத்தனை பேருக்கு எத்தனை நாற்காலி என்பது. 1942-ல் அண்ணா இங்கிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 1962-ல் மாநிலங்களவையில் தன்னைத் திராவிடன் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர், அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ தான் எதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

என் கட்சி இது: மொழிக் குடும்பமாகத் திராவிடம் நிரூபிக்கப்பட்ட உண்மை. பங்கு கேட்கிறவர்கள் ஒன்றாக நிற்பதற்கான பெயராக அது நூறாண்டு உழைத்திருக்கிறது, இன்னும் உழைக்கும். அதை ரத்தத்தில் காட்டுகிறேன் என்று யாராவது சிரிஞ்சோடு வந்தால், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கே: அப்படியானால் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர்? அதுவும் துரை வைத்ததா? (பட்டதாரி, வாலாஜாபாத்)

ப: இல்லை, கேட்டு வாங்கிய பெயர். அயோத்திதாசர் 1891-லேயே திராவிட மகாஜன சபையை நிறுவினார். தமக்கு மற்றவர்கள் வைத்த பெயர்களை ஏற்க மாட்டோம், இந்த மண்ணின் பழைய குடிகள் நாங்கள் என்பது அவருடைய வாதம். 1922-ல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் இருந்ததை ஆதிதிராவிடர் என மாற்ற வைத்தார். துரைமார் கொண்டுவந்த இனக் கொள்கையை, அதனால் கீழே தள்ளப்பட்டவர்கள் கையில் எடுத்து 'அப்படியானால் நாங்கள்தான் முதல் குடி' என்று திருப்பிக் கேட்டார்கள். வகைப்பாடு எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தால், இதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: காஞ்சிப் பட்டு சுத்தத் தமிழர் பட்டுதானே? (பெருமையுடன், சின்ன காஞ்சிபுரம்)

ப: கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்தது. ஜரிகை சூரத்தது. தறியில் உட்கார்ந்தவர்களில் தமிழ் பேசும் செங்குந்தர், தெலுங்கு பேசும் பத்மசாலியர், சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள் எல்லாரும் உண்டு. கரையை இணைக்கும் கோர்வை போடும் கையும் முந்தானையை இணைக்கும் பேட்டணி பிடிக்கும் நிதானமும் இந்த ஊருடையது. பெருமைப்பட அது போதும், 'சுத்தம்' தேவையில்லை.

கே: வலங்கை, இடங்கை என்று தாத்தா சொல்வார். அது என்ன, அதுவும் இனமா? (தறி ஓட்டுபவர், ஐயம்பேட்டை)

ப: அருமையான கேள்வி. இந்தப் பகுதியின் முழுப் பாடமும் இதில் இருக்கிறது.

சோழர் காலத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை தமிழ்நாட்டுச் சாதிகள் பலவும் இரண்டு கைகளாகப் பிரிந்து கிடந்தன. நிலத்தோடு ஒட்டிய சாதிகள் வலங்கையிலும், கைத்தொழிலும் வணிகமும் செய்தவர்கள் இடங்கையிலும் நின்றார்கள் என்று பொதுவாகச் சொல்லலாம். நெசவு செய்த கைக்கோளர், அதாவது செங்குந்தர், இடங்கை. மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் கைக்கோளரைப் பற்றி 1984-ல் எழுதிய நூலில், அவர்களுடைய 72 நாட்டு அமைப்புக்குக் காஞ்சிபுரமே தலைமை என்கிறார்.

யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், யார் பல்லக்கில் ஏறலாம், எந்தக் கொடி பிடிக்கலாம் என்பதற்கெல்லாம் மண்டை உடைந்தது. 1707-ல் சென்னையில் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் கலவரம் வெடித்தது. ஆளுநர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கைக்கும் ஒதுக்கி எல்லைக்கல் நட்டார். கல் நடுகிற அளவுக்குப் போன பகை! சில சாதிகளில் ஆண்கள் ஒரு கையையும் பெண்கள் மறு கையையும் சேர்ந்தவர்களாம். சண்டைக் காலத்தில் அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். தர்ஸ்டன் கொஞ்சம் எழுதியும் இருக்கிறார்.

இப்போது உங்கள் தெருவில் பத்துப் பேரை நிறுத்தி 'நீங்கள் எந்தக் கை' என்று கேளுங்கள். சோறு தின்கிற கையைக் காட்டுவார்கள். தொழில் மாறியது, வணிகம் மாறியது, தெரு உரிமை நீதிமன்றத்துக்குப் போனது, அரசின் பதிவேடுகள் தனித்தனிச் சாதிப் பெயரைக் கேட்டனவே தவிர கையைக் கேட்கவில்லை. எட்டு நூற்றாண்டு நின்ற பிரிவு, இரண்டு மூன்று தலைமுறையில் தாத்தாவோடு போய்விட்டது. அந்தக் காலத்தில் யாரிடமாவது 'இது மறைந்துவிடும்' என்று சொல்லியிருந்தால், சூரியன் மேற்கே உதிக்குமா என்று கேட்டிருப்பார்கள்.

கே: யானைக்கும் ஜாதி உண்டா? (பள்ளி மாணவன், விஷ்ணு காஞ்சி)

ப: வரதராஜப் பெருமாள் கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்கு நடந்ததாக உன் தெருப் பெரியவர்கள் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்களே! வைணவத்தின் இந்த இரண்டு கலையாருக்கும் இடையே கோயிலை வைத்து வழக்கு நடந்தது ஊரறிந்தது. யானைக் கதையைக் கேட்கிறபோதெல்லாம் நாமத்தின் நீளம் கூடிக்கொண்டே போகிறது.

கே: மகள் சிங்கப்பூரில். மாப்பிள்ளை சீனர், தங்கமான பையன். பேரன் என்ன இனம்? சொந்தக்காரர்கள் துளைக்கிறார்கள். (ஒரு பாட்டி, பெரிய காஞ்சிபுரம்)

ப: உங்கள் பேரன், அம்மா. சொந்தக்காரர்களுக்கு அது போதும்.

சிங்கப்பூர் அரசுக்குப் போதாது. அங்கே அடையாள அட்டையில் இனம் உண்டு: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். 2011 ஜனவரியிலிருந்து இரட்டை இனமாக, 'இந்தியர்-சீனர்' என்றோ 'சீனர்-இந்தியர்' என்றோ பதிந்துகொள்ளலாம். எது முதலில் என்பதில் மகளும் மாப்பிள்ளையும் கொஞ்சம் யோசிக்கட்டும். 1989-லிருந்து அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு முதலில் எழுதுவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். வீட்டை விற்கப் போகிறபோது, வாங்க வந்தவரின் இனத்துக்கு இடம் தீர்ந்துவிட்டது என்றால்தான் நோக்கம் உறைக்கும்.

கே: மலேசியாவில்? (அதே பாட்டியின் சம்பந்தி போலிருக்கிறது, பெயர் இல்லை)

ப: அங்கே அரசியலமைப்பின் 160-ஆம் பிரிவே மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர். தோலின் நிறம் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. சமூகவியலாளர்கள் 'இனம் கட்டப்படுவது' என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவதை அவர்கள் ஒரு சட்டப்பிரிவில் முடித்துவிட்டார்கள்.

கே: அமெரிக்காவில் நம்மவர்கள் வெள்ளையரா, கறுப்பரா? (மகன் நியூஜெர்சியில் இருக்கும் தந்தை, ஓரிக்கை)

ப: எந்த வருஷம் என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.

பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு சேவை செய்தவர், குடியுரிமை கேட்டார். அன்றைய சட்டப்படி அதற்கு 'வெள்ளையராகவோ' ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். உயர்சாதி ஆரியர், ஆகவே காக்கேசியர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டார்கள். கீழ்ச்சாதியாரோடு மணவுறவு வைக்கமாட்டோம், நீங்கள் கறுப்பரைப் பார்ப்பது போலத்தான் நாங்களும் பார்க்கிறோம் என்று வேறு சேர்த்துக்கொண்டார்கள். அதாவது சாதியைக் காட்டி நிறத்துக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டார்கள். 1923-ல் உச்ச நீதிமன்றம், அறிஞர்கள் என்ன சொன்னாலும் சாதாரண அமெரிக்கன் கண்ணுக்கு இவர் வெள்ளையர் இல்லை என்று கதவைச் சாத்தியது. அதுவரை அறிவியலைத் தூக்கிப்பிடித்த நீதிமன்றத்துக்குத் திடீரென்று தெருவில் போகிறவனின் கண் போதுமானதாகிவிட்டது. திந்துக்கு 1936-ல்தான் குடியுரிமை நிலைத்தது.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது ஓர் இனம். சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் அந்தக் கட்டம்தான். 1970-ல் இந்தியரை வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980-ல் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம். ஒரே ஆள், குளிக்காமல், நிறம் மாற்றும் கிரீம் தடவாமல், மூன்று இனமாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

கே: தென்னாப்பிரிக்காவில் தலைமுடியில் பென்சில் செருகினார்களாமே? (சலூன் உரிமையாளர், மேட்டுத் தெரு)

ப: ஆமாம், உங்கள் தொழிலுக்கு அவமானம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் இனம் உண்டு. சந்தேகம் வந்தால் முடியில் பென்சிலைச் செருகுவார்கள். விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். அதே ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடம் போட்டது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து எறிந்தார்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து போய் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் அவர்களில் உண்டு. பதிவுச் சட்டம் 1991-ல் நீக்கப்பட்டது. பென்சில்கள் என்னவாயின என்று யாரும் எழுதவில்லை.

கே: இலங்கையில் தமிழர் எல்லாரும் ஒன்றுதானே, ஏன் இரண்டு கணக்கு? (அகதியாக வந்து இங்கேயே தங்கியவர்)

ப: 1911 கணக்கெடுப்பில் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு கட்டம் போட்டார்கள். பேசுவது ஒரே மொழி, கும்பிடுவது ஒரே முருகன். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களில் தேயிலை பறித்தவர்கள் இரண்டாம் கட்டத்தில் நின்றார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். கணக்கெடுப்பில் ஒரு கோடு போட்டதற்கும், தலைமன்னாரில் கப்பல் ஏறியதற்கும் நடுவே அரை நூற்றாண்டு. இந்தக் கேள்விக்கு நகைச்சுவை வரவில்லை, மன்னிக்கவும்.

கே: சாதியும் இனவெறியும் ஒன்றா? டர்பனில் இதற்குச் சண்டை நடந்ததாமே. (சட்டக் கல்லூரி மாணவர், உத்திரமேரூர்)

ப: 2001-ல், அதே டர்பனில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. தலித் அமைப்புகள் சாதியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொன்னார்கள். இந்திய அரசு முடியாது என்றது: சாதி இனம் அல்ல, எங்கள் உள்வீட்டு விஷயம். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயும் சாதியை இனமாக்குவது அறிவியலுக்கு ஒவ்வாது என்று எழுதினார். ரிஸ்லியின் பிழையை வேறு பெயரில் மறுபடி கொண்டுவருகிறீர்கள் என்பது அவர் கவலை. அதில் நியாயம் உண்டு.

ஆனால் மறுபக்கம் பாருங்கள். 1965 இனப் பாகுபாட்டு எதிர்ப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 2002-ல் ஐ.நா. குழு அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று விளக்கம் தந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றல்ல. இரண்டும் வேலை செய்கிற விதத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நிறவெறியன் பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாக நினைக்கிறான். சாதிவெறியனுக்குப் பார்த்தால் தெரியாது. 'தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேரு என்ன' என்று விசாரித்தாக வேண்டும். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனவர்களுக்கு அந்த மூன்று கேள்வியின் வரிசை மனப்பாடம். ஆனால் 1959-ல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், மார்ட்டின் லூதர் கிங்கை அமெரிக்கத் தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தியபோது, முதலில் சுருக்கென்றிருந்தாலும் பிறகு யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார் கிங். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதற்கு அறிஞர்களின் அனுமதி தேவைப்படுவதில்லை.

கே: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் வடக்கனுங்க ஆக்கிரமிச்சிட்டானுங்க. எழுதத் தைரியம் உண்டா? (ஒரு தமிழன்)

ப: உண்டு. எட்னா போனாசிச் என்ற சமூகவியலாளர் 1972-ல் சொன்ன கணக்கு இது. ஒரே வேலைக்கு இரண்டு கூட்டத்தாருக்கு இரண்டு கூலி என்று சந்தை பிளந்திருந்தால், அதிகக் கூலிக்காரனின் கோபம் குறைந்த கூலிக்காரன்மீது பாயும். அதற்கு இனச் சாயம் தானாக ஏறும். கூலியை நிர்ணயித்தவர் ஏ.சி. அறையில் காபி குடிப்பார். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடித்துக் கொல்வதாகப் போலி வீடியோக்கள் பரவின. பீகாரில் குடும்பங்கள் பதறின. அடித்தவர்கள் யாரும் இல்லை, பரப்பியவர்கள் இருந்தார்கள்.

பினாங்குக்கும் டர்பனுக்கும் கண்டிக்கும் குறைந்த கூலிக்குக் கப்பல் ஏறிப் போனவர்கள் யார் என்று உங்கள் பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

கே: நான் மணிப்பூர். இங்கே வேலை செய்கிறேன். பஸ்ஸில் 'சைனா' என்று கூப்பிடுகிறார்கள். தமிழில் எப்படித் திட்டுவது? (தோழியை எழுதச் சொல்லி அனுப்பியவர், ஸ்ரீபெரும்புதூர்)

ப: தோழியிடமே கேளுங்கள், அச்சில் ஏற்ற முடியாத நல்ல சொற்கள் அவருக்குத் தெரியும். 2014-ல் டெல்லியில் அருணாச்சல மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இத்தகைய ஏச்சுக்குத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பஸ்ஸில் அப்படி யாராவது சொன்னால் பக்கத்தில் இருக்கிற தமிழர் சும்மா இருக்கக் கூடாது. இதைப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கே: பெண் பார்க்க வந்தவர்கள் 'பொண்ணு கலர் கொஞ்சம் கம்மி' என்று போய்விட்டார்கள். (தாய், தாயார்குளம்)

ப: 2019-ல் அத்திவரதரைப் பார்க்க 48 நாள் ஊர் கொள்ளாத கூட்டம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வருகிற கருத்த அத்திமரத்துப் பெருமாளுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள்தான் நம்மவர்கள். 'பெருமாள் கொஞ்சம் கலர் கம்மி' என்று ஒருவரும் திரும்பிப் போனதாகக் கேள்விப்படவில்லை. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேரை' எடுத்துவிட்டது. கிரீமுக்கு வந்த கூச்சம் சம்பந்தி வீட்டுக்கு வரக் கொஞ்சம் நாளாகும். போனது நல்லது, அம்மா.

கே: மகன் எச்சில் அனுப்பி மரபணுச் சோதனை செய்யப்போகிறான். நாங்கள் யார் என்று தெரிந்துவிடுமா? (ஜவுளி வியாபாரி)

ப: ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகளும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2009-லும் 2013-லும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இந்தியாவின் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தாரிடமும் பழைய இரண்டு மூலங்களின் கலப்பு இருக்கிறது, விகிதம்தான் கூடும் குறையும். கலந்தது சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிறகுதான் அவரவர் வட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பழக்கம் இறுகியது. கலப்புத் திருமணம் நவநாகரிகக் கேடு என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் இந்தத் தேதிகளைக் காட்டவும். எச்சில் செலவு மிச்சம்.

கே: சாதிவாரிக் கணக்கெடுப்பு வருகிறதாமே. கட்டம் போட்டால் சாதி வளரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எதிர்ப்பீர்களா? (அதே நூலகர்)

ப: மடக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள். ரிஸ்லி 1901-ல் சாதிகளைக் கூட்டிக் கழித்ததோடு நிற்கவில்லை, எது மேல் எது கீழ் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். உடனே நாடெங்கும் சங்கங்கள் முளைத்தன, எங்களை க்ஷத்திரியர் என்று எழுதுங்கள், வைசியர் என்று எழுதுங்கள் என்று மனுக்கள் குவிந்தன. அளப்பதாகச் சொல்லிக்கொண்டு ஏணியைச் செய்து கொடுத்தார்கள். 1931-க்குப் பிறகு நாடு முழுவதற்குமான சாதிக் கணக்கு வெளியிடப்படவில்லை. அதனால் சாதி பட்டினி கிடந்து இளைத்துவிட்டதா என்ன? அடுத்த கணக்கெடுப்பில் சாதி உண்டு என்று மத்திய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. எந்தப் பள்ளியில் யார் இல்லை, எந்த அலுவலகத்தில் யார் நாற்காலியில், யார் துடைப்பத்தோடு என்று பார்க்க எண்ணிக்கை வேண்டும். 1925-ல் நம் ஊர் மாநாட்டில் கேட்டதும் அதைத்தானே? எண்ணுவதை ஆதரிக்கிறேன். எண்ணியதை வைத்து அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் பொறுக்குகிறவர்களை ஒரு கண் பார்த்துக்கொள்வேன்.

கே: எந்தக் கட்டமும் வேண்டாம், 'சாதி இல்லை' என்று எழுத முடியுமா? (காதல் திருமணம் செய்யப்போகிறவர், காஞ்சிபுரம்)

ப: முடியும். 2019-ல் திருப்பத்தூரைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் பல ஆண்டு விடாமல் அலைந்து சாதி, மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கினார். இட ஒதுக்கீடு தேவைப்படும் வீட்டுப் பிள்ளைகள் என்றால் அவசரப்படாமல் யோசித்துச் செய்யவும். கட்டத்தை விட்டு இறங்குவது, ஏற்கெனவே மேலே இருப்பவருக்குச் சுலபம். சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு தாத்தாக்களின் பெயருக்குப் பின்னால் தொங்குவதை அச்சகத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குத் தாசில்தார் கையெழுத்துத் தேவையில்லை. தாத்தாக்கள் முதல் பந்தியில் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டால் இரண்டாம் பந்தியில் உட்கார வையுங்கள்.